எச்ச அனுமானமும் கோல்ஃப் வண்டியின் ஸ்டீயரிங்கும்

ஒரே விளைவு பல காரணங்களால் தோன்றக்கூடுமானால், விளைவை மட்டும் கண்ட ஒருவர் அதன் காரணம் இன்னதுதான் என்று துணிந்து சொல்ல இயலுமா என்பது இந்தியத் தருக்க மரபு மிகத் தொடக்கத்திலேயே எதிர்கொண்ட கேள்வி. நியாய சூத்திரம் அனுமானத்தை மூன்றாக வகுக்கிறது. அவற்றுள் விளைவிலிருந்து காரணத்தை அறியும் வகையை வடநூலார் சேஷவத் என்பர், மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை எச்சம் என்று வழங்கும். ஆற்றில் வெள்ளம் வருவதைக் கண்டு அதன் மேற்புறத்தில் மழை பெய்திருக்கிறது என்று அறிவது இரு மரபிலும் இதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. ஆனால் நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்திலேயே எதிர்வாதி ஒருவன் எழுந்து, ஆறு நிறைந்திருப்பது நீர் தடுக்கப்பட்டதாலும் நிகழலாம், எறும்புகள் முட்டைகளைச் சுமந்து வெளியேறுவது மழை வரப்போவதாலன்றிப் புற்று சிதைந்ததாலும் நிகழலாம், மயிலின் அகவலாகக் கேட்பது ஒரு மனிதன் எழுப்பிய போலிக்குரலாகவும் இருக்கலாம், ஆகவே அனுமானம் அளவையே ஆகாது என்று மறுக்கிறான். அளவை என்பது உண்மையான அறிவைத் தரும் வாயில்; அந்த வாயில் ஒன்று முற்றாக அடைபடும் அளவுக்கு இம்மறுப்பு கூர்மையானது.

இதன் வலிமையை எடைபோட, பழுதைக் கண்டு அதன் காரணத்தைத் தேடிச் செல்லும் ஒரு தொழிலை அருகிலிருந்து நோக்குவது பயன்தரும். கோல்ஃப் வண்டிகளின் ஸ்டீயரிங்கையும் வீல் அலைன்மென்டையும் சீர்செய்யும் தொழில் இதற்கு மிகவும் பொருந்துவது. மோட்டார் காரின் சக்கரக் கோணங்களைக் கணினி இணைந்த கருவிகள் அளந்து திரையில் காட்டிவிடுகின்றன. கோல்ஃப் வண்டியோ எடை குறைந்தது, மெதுவாக ஓடுவது, பவர் ஸ்டீயரிங் பெரும்பாலும் இல்லாதது. அதனைப் பார்க்கும் மெக்கானிக் தம் கண், கை, ஓர் அளவுநாடா, ஒரு ஜாக்கி ஆகியவற்றைக் கொண்டே முடிவுக்கு வர வேண்டியிருப்பதால், கருதல் அளவை எனப்படும் அனுமானம் அங்கே மறைப்பின்றிச் செயல்படுகிறது. இவ்வண்டிகளின் தாயகம் என்று சொல்லத்தக்கது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரம். ஈ-இசட்-கோ நிறுவனம் 1954இல் அங்கே தோன்றியது; கிளப் கார் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஹூஸ்டனிலிருந்து அங்கே குடிபெயர்ந்தது. அகஸ்டாவுக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மேலே, சவானா ஆற்றின் குறுக்கே, இன்று தர்மண்ட் அணை எனப்படும் பேரணையும் அதே 1954இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. அணைக்கு மேலே ஆறு ஏரியாய் நிறைந்து நிற்பதைக் கண்டு அண்மையில் பெருமழை பெய்தது என்று ஒருவர் முடிவுகட்டினால் தவறிப்போவார்; நியாய சூத்திரத்து எதிர்வாதியின் முதல் எடுத்துக்காட்டு அவ்வூர் மக்களுக்குக் கண்கூடான ஒன்று.

வண்டியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓட்டுபவர் திருப்பும் வளையத்தின் சுழற்சி ஒரு தண்டின் வழியே கீழே இறங்கி, இன்றைய பெரும்பாலான வண்டிகளில், பினியன் என்னும் சிறு பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அப்பற்சக்கரம் ராக் என்னும் பல்வெட்டிய தண்டை இடவலமாக நகர்த்துகிறது. அந்நகர்வை டை ராட் என்னும் கம்பிகள் முன்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கின்றன. சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டில் கிங்பின் என்னும் ஏறத்தாழ நிமிர்ந்த ஆணியைச் சுற்றித் திரும்புகிறது. கிங்பின் தேயாதபடி அதைச் சூழ்ந்து புஷ் என்னும் உறைகள் உள்ளன. வீல் அலைன்மென்ட் கோணங்களுள் இரண்டு இங்கே முதன்மையானவை. வண்டியை மேலிருந்து பார்த்தால், இரு முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட ஒன்றையொன்று நெருங்கியிருப்பது டோ-இன், விலகியிருப்பது டோ-அவுட். முன்னிருந்து பார்த்தால், சக்கரத்தின் தலைப்பகுதி உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்திருப்பது கேம்பர். டோவை டை ராட்டின் மரைகளைத் திருகி மாற்றலாம். கேம்பரைத் தனியே மாற்றும் வழி பல மாதிரிகளில் இல்லை, அது கெட்டால் தொய்ந்த ஸ்பிரிங்கையோ வளைந்த ஸ்பிண்டிலையோ தேய்ந்த புஷ்ஷையோ மாற்றத்தான் வேண்டும்.

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று ஒருவர் சொல்லிக்கொண்டு வருகிறார் என்று கொண்டால், அந்த இழுப்பு என்னும் ஒரே விளைவுக்கு உரிமை கோரும் காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு முன் டயரில் காற்றுக் குறைந்திருக்கலாம். டயரே சீரற்ற வார்ப்பாக இருக்கலாம். ஒரு பக்கத்து லீஃப் ஸ்பிரிங் தொய்ந்திருக்கலாம். ஸ்பிண்டில் எதிலோ மோதி வளைந்திருக்கலாம். பெரும்பாலும் பின்சக்கரங்களில் மட்டுமே டிரம் பிரேக் உள்ள இவ்வண்டிகளில் ஒரு பக்கத்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். பின் அச்சு தன் இடத்திலிருந்து சற்றே பெயர்ந்திருக்கலாம். வண்டியில் குறையே இல்லாமல், மழைநீர் வடிய ஒரு புறம் சரிவாக அமைக்கப்பட்ட சாலையே அதை இழுத்திருக்கலாம். இத்தனைக்கும் நடுவே அனுபவமில்லாதவர் உடனே கைவைப்பது டை ராட்டின் மரையில்தான். எதிர்வாதியின் மறுப்பு தவறான அனுமானத்தைப் பற்றியதாக இருந்தால் இங்கே அது முழுமையாகப் பொருந்தும்.

அம்மறுப்புக்கு நியாய சூத்திரம் தரும் விடையும், அதன்மீது ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டில் வாத்ஸ்யாயனர் எழுதிய உரையும் தருக்க வரலாற்றின் மிக நேர்மையான இடங்களுள் ஒன்றாகக் கருதத்தக்கவை. குற்றம் அனுமானத்தினுடையதன்று, ஏதுவல்லாததை ஏதுவாகக் கொண்ட அனுமானிப்பவனுடையது என்பது அவர் நிலை. மழையால் வந்த வெள்ளத்தை அறிபவன் ஆற்றில் நீர் மிகுந்திருக்கிறது என்பதோடு நிற்பதில்லை. முன்னிருந்த நீரினும் வேறான நீர், ஓட்டத்தின் விரைவு, நுரை, அடித்துவரப்படும் பழங்கள், இலைகள், மரங்கள் ஆகிய இவற்றையும் சேர்த்தே காண்கிறான். தடுக்கப்பட்டு நிறைந்த நீரில் இவை இரா. அதாவது, விளைவு என்று முதலில் சொல்லப்பட்டது உண்மையில் விளைவின் பெயர் மட்டுமே. அதன் முழு உருவத்தைக் காணும்போது பல காரணங்களுள் பெரும்பாலானவை தாமே விலகிவிடுகின்றன.

டயரின் தேய்மானத்தை வாசிப்பது வாத்ஸ்யாயனரின் இவ்விடையைப் போன்ற ஒழுங்கில் நடக்கும் செயல். டயர் தேய்ந்திருக்கிறது என்பது ஆறு நிறைந்திருக்கிறது என்பதற்கு நிகரான வெற்றுச் செய்தி. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. நடு நிற்க இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. கோல்ஃப் வண்டியின் வழக்கமான 8 அங்குல விளிம்புச் சக்கரத்தின் டயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 20 பி.எஸ்.ஐ. அளவை ஒட்டிய காற்றழுத்தத்திலிருந்து அது நெடுங்காலம் விலகியிருந்ததை இவை காட்டுகின்றன. வெளியோரம் மட்டும் தேய்ந்திருந்தாலோ இரு காரணங்கள் ஒருங்கே முன்வருகின்றன: மிகுதியான டோ-இன்னும் வெளியோரத்தைத் தேய்க்கும், வெளிநோக்கிச் சாய்ந்த கேம்பரும் வெளியோரத்தையே தேய்க்கும். கண்ணுக்கு இவை ஒன்றாகத் தோன்றும் இவ்விடத்தில் கை வேறுபாட்டைச் சொல்கிறது. கேம்பரால் தேய்ந்த பரப்பு எத்திசையில் தடவினாலும் வழவழப்பாக இருக்கும். டோவால் தேய்ந்த பரப்பில், சக்கரம் உருள வேண்டிய திசைக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக உரசிக்கொண்டே சென்றதால், டயர்ப் பரப்பிலுள்ள கட்டைகளின் விளிம்புகள் ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் விரலைக் கீறும். நுரையும் இலையும் மழையைச் சொல்வதுபோலவே இக்கீறல் டோவைச் சொல்கிறது. அதனோடு, தேய்மானம் இரு முன் டயர்களிலும் ஒப்ப இருக்கிறதா, ஒன்றில் மட்டும் இருக்கிறதா என்பதையும் கண்டுவிட்டால், தொய்ந்த ஸ்பிரிங்கும் வளைந்த ஸ்பிண்டிலும் தனித்து வெளிப்பட வாய்ப்புண்டு.

பிற்கால நியாய நூலார் இதனை இன்னும் ஆழமாகக் கொண்டுசென்றனர். தீ புல்லிலிருந்தும் பிறக்கிறது, கடைகோலிலிருந்தும் பிறக்கிறது, சூரியகாந்தக் கல்லிலிருந்தும் பிறக்கிறது. ஆகவே தீக்கு இன்னதே காரணம் என்னும் நியதி இல்லை என்ற மறுப்பை எடுத்துக்கொண்டு, மூன்றாலும் பிறப்பது ஒரே வகைத் தீ அன்று, ஒவ்வொன்றாலும் தனிவகைத் தீ பிறக்கிறது என்று உதயனரை ஒட்டிய மரபு விடை சொல்கிறது. தீயைப் பொறுத்தவரை இவ்விடை சற்று வலிந்து சொல்லப்பட்டதாகவே தோன்றும். பற்றி எரியத் தொடங்கிய பின் மூன்று தீயையும் வேறு பிரித்துக் காட்டுவது எளிதன்று. டயரைப் பொறுத்தவரையோ அது சொல்லுக்குச் சொல் உண்மை. எல்லா விளைவும் தன் காரணத்தின் முத்திரையைத் தாங்கியே பிறக்கிறது என்னும் பொதுக்கொள்கையை ஏற்பதைவிட, சில விளைவுகள் அம்முத்திரையைக் காத்துவைக்கின்றன, சில இழந்துவிடுகின்றன என்று கொள்வதே உலகியலுக்குப் பொருந்தும். இழுப்பு என்பது இழந்துவிடும் வகை. கையில் உணரும் அந்த இழுவிசையில் காற்றுக் குறைவுக்கென்று ஒரு சுவையும் பிரேக்குக்கென்று ஒரு சுவையும் இல்லை.

முத்திரை அழிந்த இடத்தில் கூர்ந்து காண்பது உதவாது. அங்கே செய்து பார்க்க வேண்டியிருக்கிறது. 1843இல் வெளிவந்த தம் தருக்க நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில் காரணங்களின் பன்மை என்று பெயரிட்டு இதே சிக்கலை விவாதிக்கிறார். ஒரே விளைவு தோன்றிய பல நிகழ்ச்சிகளைத் தொகுத்து அவற்றில் பொதுவாக இருப்பதைக் காரணமென்று கொள்ளும் முறையை அப்பன்மை தளர்த்திவிடும். ஆனால் மற்ற அனைத்தையும் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றி, விளைவு மாறுகிறதா என்று பார்க்கும் முறையை அது தொடாது என்பது அவர் காட்டும் வேறுபாடு. பட்டறையில் இம்முறை நூற்கல்வியின்றியே வழங்கிவருகிறது. காற்றைச் சமப்படுத்திய பின்னும் இழுப்பு நீடித்தால், இரு முன்சக்கரங்களையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கின்றனர். இழுப்பும் பக்கம் மாறினால் காரணம் டயரில் இருக்கிறது, மாறாவிட்டால் டயர் குற்றமற்றது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைக் கையால் சுழற்றினால், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் உடனே தெரிந்துவிடும். சாலைச் சரிவை விலக்கும் வழி இன்னும் எளிது: ஒரே தடத்தில் ஒருமுறை சென்று, திரும்பி அதே தடத்தில் வந்தால், சரிவு காரணமாயின் போகும்போது வலக்கைப் பக்கம் இழுத்த வண்டி வரும்போது இடக்கைப் பக்கம் இழுக்கும், வண்டியின் குறையாயின் இரு முறையும் ஒரே கைப்பக்கம் இழுக்கும். தருக்கநூலார் உபாதி என்று சொல்வது இச்சரிவு போன்ற மறைந்த நிபந்தனையையே. நெருப்புள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்று ஒருவர் கருதினால், உண்மையில் ஈர விறகு சேர்ந்த நெருப்பில்தான் புகை உண்டு என்று காட்டி, அவர் கண்ட உடனிகழ்ச்சிக்குள் ஒளிந்திருந்த அந்த ஈரத்தை உபாதி என்பர். சரிந்த சாலையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் குறை சொல்பவருக்கு அந்தச் சரிவு உபாதியாகிறது.

அளப்பதற்கு முன் ஆட்டம் நீங்கியிருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. அறிவுக்கொள்கை நோக்கிலும் அது ஆழ்ந்த விதி. ஸ்டீயரிங்கைச் சிறிது இடவலமாக அசைத்து, சக்கரம் அசையத் தொடங்குவதற்கு முன் வீணாகும் அசைவை ஆட்டம் அல்லது பிளே என்பர். முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் வெளிப்படும் தளர்ச்சி வீல் பேரிங்கிலோ கிங்பின் புஷ்ஷிலோ உள்ளது. ஸ்பிண்டிலும் கூடவே ஆடினால் கிங்பின், ஸ்பிண்டில் நிற்கச் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்ச்சி தெரிந்தால் டை ராட் முனையையும் ராக்கையும் ஐயுற வேண்டும். இத்தளர்ச்சிகள் இருக்கும்போது டோவை அளந்தால் நாடா ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும். ஆனால் அந்த எண் நின்றிருக்கும் வண்டியில் தற்செயலாக அமைந்த ஒரு நிலையைச் சொல்லுமேயன்றி, ஓடும் வண்டியின் சக்கரங்கள் எங்கே நோக்குகின்றன என்பதைச் சொல்லாது. காட்சி அளவை பிழையின்றி அமைய, காணப்படும் பொருள் ஓரளவு நிலைத்து நிற்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்காமல், சக்கரங்கள் தம் இயல்பு நிலையில் அமரும்படி வண்டியைச் சில அடிகள் முன்னே உருட்டிய பிறகு, அச்சின் உயரத்தில் டயர்களின் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளந்து, முன்பக்கம் அந்தந்த மாதிரிக்குரிய கையேடு சொல்லும் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படி டை ராட்டைத் திருகி, பூட்டு நட்டுகளை இறுக்குவது முறை.

இங்கே ஒரு பொருளியல் நுட்பமும் உண்டு. டோ என்பது இடச்சக்கரத்தின் குணமும் அன்று, வலச்சக்கரத்தின் குணமும் அன்று. வைசேடிகர் இரண்டு என்னும் எண்ணைப் பற்றிச் சொல்வதுபோல, இரு பொருளில் சேர்ந்தே தங்குவது. முன்சக்கரங்கள் இரண்டும் டை ராட்டால் பிணைக்கப்பட்டவையாதலால், வண்டி ஓடும்போது டோவின் பிழையைத் தமக்குள் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் டோவின் பிழை தேய்மானத்தையும் நிலையின்றி அலையும் ஓட்டத்தையும், இருவேறு நீளத்தில் திருகப்பட்டிருந்தால் கோணலாக நிற்கும் ஸ்டீயரிங் வளையத்தையும் தருமேயன்றி, விடாத இழுப்பைத் தருவது அரிது. இழுப்பைக் கேட்டவுடன் டை ராட்டில் கைவைப்பவர் செய்யும் பிழை, இரு பக்கத்துக்கும் பொதுவான ஒன்றை ஒரு பக்கத்தின் குற்றமாகக் கொள்வதே.

அறிவு உண்மையானது என்பது எதனால் உறுதியாகிறது என்ற கேள்வியும் இதனோடு ஒட்டி எழுகிறது. செயல் பயன் தந்தால் அறிவு மெய் என்பது நியாயர் கொள்கை. அறிவு தன் மெய்ம்மையைத் தன்னிலேயே கொண்டது, பிழை காட்டப்படும்வரை அது நிற்கும் என்பது மீமாஞ்சகர் கொள்கை. ஸ்பிரிங் ஒரு பக்கம் தொய்ந்ததால் இழுக்கும் வண்டியில், காற்றுக் குறைவே காரணம் என்று தவறாகக் கருதிய ஒருவர் அப்பக்கத்து டயரில் காற்றை ஏற்றினால் இழுப்பு குறைந்து மறையவும் கூடும். அறிவு பொய், பயன் மெய். 7ஆம் நூற்றாண்டுப் பௌத்தரான தருமகீர்த்தி, மணியின் ஒளியையே மணியென்று மயங்கி ஓடுபவனும் மணியை அடைகிறான் என்று காட்டியது இத்தகைய நிலையையே. நியாயர் தரப்பில் சொல்லக்கூடிய விடை ஒன்றுதான்: இழுப்பு நின்றது முழுப் பயனன்று; காரணம் உண்மையாயின் அதிலிருந்து வர வேண்டிய மற்ற விளைவுகளும் வர வேண்டும், சில மாதங்களில் அந்த டயரின் நடுப்பகுதி தேய்ந்து அந்த அறிவின் பொய்ம்மையைக் காட்டும். இவ்விடை ஏற்கத்தக்கதே, ஆனால் அது பயனுக்குக் காலத்தையும் மறுபார்வையையும் விலையாகக் கேட்கிறது என்பதை நியாய நூல்கள் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை.

இவ்விசாரணையின் சமயப் பயன் சிறியதன்று. உலகம் ஒரு விளைவு, ஆகவே அதற்குச் செய்தவன் ஒருவன் உண்டு என்று உதயனர் நியாயகுசுமாஞ்சலியில் இறைவனை அனுமானத்தால் நிறுவினார். மெய்கண்டாரின் சிவஞானபோதமும் முதல் சூத்திரத்தில் தோன்றி நின்று அழியும் உலகிலிருந்தே தொடங்குகிறது. இராமானுசரோ ஸ்ரீபாஷ்யத்தில் இவ்வழியை மறுத்து, பெரியதொரு விளைவைப் பல கருத்தாக்கள் பல காலத்தில் செய்திருக்கவும் கூடுமாதலால் அனுமானம் ஒரே இறைவனைத் தராது, மறையே தரும் என்று வாதிட்டார். உதயனரின் வழியினர் இதற்கு, குறைந்த காரணத்தைக் கொள்வதே தகும் என்னும் எளிமை நெறியைத் துணைக்கு அழைப்பர். பட்டறையும் அந்நெறியைக் கைக்கொள்கிறது. எல்லாக் குறிகளையும் ஒரே பழுதால் விளக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறது. ஆயினும் பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் தேய்ந்த புஷ்ஷும் காற்றுக் குறைந்த டயரும் பிடித்துக்கொண்ட பிரேக்கும் ஒருங்கே இருப்பது வழக்கமாதலால், எளிமை நெறி தேடலுக்கு வரிசை தருகிறதேயன்றிச் சான்று தருவதில்லை.

ஒரு விளைவிலிருந்து ஏதோ ஒரு காரணம் உண்டு என்று அறிவதும், இந்தக் காரணம்தான் என்று அறிவதும் வேறு வேறானவை; முன்னது விளைவைக் கண்ட அளவிலேயே கிடைக்கிறது, பின்னதற்கு விளைவின் முத்திரையை வேறொன்றின் முத்திரையோடு ஒப்பிட்டுக் காண்பதோ, ஒன்றை மாற்றிப் பார்ப்பதோ வேண்டும். உலகத்தை ஒப்பிட வேறோர் உலகம் நம் முன் இல்லை. அதன் காரணங்களுள் ஒன்றை இடம் மாற்றிவைத்துப் பார்க்கும் வாய்ப்பும் எவருக்கும் இல்லை. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் எச்ச அனுமானம் எதுவரை செல்லும் என்ற அளவில் இராமானுசரின் கணிப்பே சரியானது. மறையை ஏற்காதவருக்கு அதற்கு மேல் என்ன வழி உண்டு என்பது வேறு விவாதம்; அதை உதயனரின் நூல் முடித்துவைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது.